வழி கேட்டவர் யார்

குண்டனி நாடு,
கார்த்திகை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. உடலளவில் நலமாயிருக்கிறேன்; மனத்தைப் பற்றி உறுதி கூற இயலாது. ஜெர்மனியில் குளிர் கடுமை என்று அறிகிறேன், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது, மரவள்ளியைத்தான் பன்றி தோண்டிவிட்டது. உன் கடிதம் கிடைத்தது. உலகம் அடிப்படையில் ஒரே பொருளாலானதா, உயிர், உடல் என இரண்டா, இன்னும் பலவா என்று நீ ஆராய்வதையும், ஒன்று என்னும் பக்கமே உன் மனம் சாய்வதையும் எழுதிவிட்டு, ஆகவே பெரியப்பாவை மன்னித்துவிடுங்கள் என்று முடித்திருக்கிறாய். முற்பகுதியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முடிவை மட்டும் ஆட்சேபிக்கிறேன்.

உன் அம்மாவை ஜீப்பில் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அன்று, நமக்கிருந்த ஒரே வண்டிப்பாதை பெரியப்பா அர்த்தனாரியின் தோட்டத்து வழியாகத்தான் சென்றது, கேட் பூட்டியிருந்தது. சாவி கேட்டு ஆள் அனுப்பினேன். தியானம் முடியட்டும் என்று சொல்லியனுப்பினார். அந்தத் தாமதத்தால்தான் அவள் போனாள் என்று நான் வாதிடவில்லை, அதற்குச் சான்றில்லை. சான்றில்லாததை நீதிமன்றத்தில் வைக்கமாட்டேன், மனத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் துக்கத்துக்கு வந்தவர், எல்லார் முன்னிலையிலும் என் தோளைத் தட்டி, "செத்தது யாரு தம்பி? இருக்கறது ஒண்ணுதான், அது சாகாது" என்றார். அதற்குச் சான்றுண்டு.

இந்த ஐப்பசி மழையில் அவருடைய பாதை சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. தை மாதம் அவர் கட்டிய தியான மண்டபத்தின் திறப்பு விழா. நாமக்கல்லிலிருந்து பெரிய மனிதர்கள் காரில் வருகிறார்கள். நம் தோட்டத்தை ஒட்டி இப்போது போட்டிருக்கும் புது ரோட்டிலிருந்து அங்கே வண்டி போக நம் மிளகுத் தோட்டத்தைத் தவிர வேறு வழியில்லை. நேற்று அவர் பெரியம்மா ருக்குமணியுடன் வந்து, அந்த ஒரு நாளைக்கு மட்டும் வழிவிடச் சொன்னார். உட்கார வைத்து, காபி கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "வழி கேக்கறது யாருங்கண்ணா, குடுக்கறது யாருங்க? இருக்கறது ஒண்ணுதானுங்களே. அது எங்கீங்க போவோணும்?"

முகம் கறுத்து எழுந்து போனார். பெரியம்மா பின்தங்கி நின்று, இத்தனை வருடம் தானும் பேசிப் பார்த்ததாகவும் இன்றைக்குத்தான் அந்த வாய் அடைத்ததாகவும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இனித்தது, மறைக்கவில்லை. நடந்துபோக அவருக்கு ஒற்றையடிப் பாதை இருப்பதால் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தாது. இருந்தாலும், என்னை விசாரிக்காமல் அவருக்கு உத்தரவு எதுவும் கொடுக்கக் கூடாதென்று முன்னெச்சரிக்கையாகச் சேந்தமங்கலம் கோர்ட்டில் கேவியட் மனு போட்டுவிட்டேன். பழி தீர்க்கக் குறைந்தது இருவர் வேண்டும், கண்ணு. அவர் வேறு, நான் வேறு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் அம்மாவும் வேறாக ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை. எல்லாம் ஒன்றென்று ஒப்புக்கொண்டால், செத்தது யார் என்று நானும் கேட்க வேண்டிவரும். கேட்கமாட்டேன்.

உன் ஆராய்ச்சி ஒன்று என்றே முடிந்தாலும் எனக்கு வருத்தமில்லை; தை கழிந்தபின் தெரிவி. வேளைக்குச் சாப்பிடு. அறப்பளீஸ்வரர் துணையில் நீ நெடுநாள் வாழ வேண்டும். ஊருக்கு வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு வா, நம் தோட்டத்துக் கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறேன்; சாவி ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது.

உன் அப்பா,
ஆ. குப்புசாமி