சேவு வாங்கித் தந்த சித்திக்கு

சித்தி, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தாவும் இருப்பார். அவர் கேட்டாலும் காட்ட வேண்டாம். இங்கே அப்பா கண்ணில் பட்டால் என் கதி அவ்வளவுதான். எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் துவைக்க எடுத்த துணிகளில் அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்று இருந்தது. உதறியதும் காய்ந்த மல்லிகைச் சரம் கீழே விழுந்தது. தம்பியைப் பால் மறக்கவைத்தபோது, பால் வற்றட்டும் என்று அம்மா மார்பில் வைத்துக் கட்டிய பூ. பழுப்பேறியிருந்தாலும் வாசம் கொஞ்சம் மிச்சமிருந்தது. உடனே கண்முன்னே நீங்கள்தான் வந்து நின்றீர்கள்.

உங்கள் சின்னவனுக்குப் பால் நிறுத்தியபோது நீங்களும் இப்படிக் கட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினீர்கள். பள்ளிக்கூடம் வரை நானும் அதே வேன்தான். "வேன் பூரா மணக்குது, தலையில ஒத்தப் பூவக் காணோம். எங்கனடி வெச்சிருக்க?" என்று ஒரு அக்கா கேட்டார். "தேடித்தான் பாரேன்" என்றீர்கள். டிரைவர் சட்டென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நான் இறங்கும்வரை சிரிப்பு ஓயவில்லை.

அன்றுதான் என் காதில் சொன்னீர்கள். "பாலு குடுத்தா மாசத் தேதி வராதுன்னு பெரியவன் நேரத்துல தெம்பா இருந்தேன். தேதி வரலதான். சின்னவன் வந்துட்டான்." எனக்குப் புரியவில்லை. கருமுட்டை முதலில் வந்துவிடும், தேதி அதற்குப் பின்னால்தான் வரும், ஆகையால் தேதி வரவில்லை என்று நம்பி இருந்துவிடக் கூடாது என்று நர்ஸம்மா உங்களுக்குச் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கிலோ சாத்தூர்ச் சேவு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தீர்கள். "என்னடி விசேசம்?" என்று அம்மா கேட்டாள். "சும்மாதான்க்கா, வாய் கேட்டுச்சு." அப்புறம் என்னைத் தனியே இழுத்து, "ஏட்டி, தேதி வந்துருச்சு. உன் பள்ளிக்கூட நாப்கின்ல ஒண்ணு குடு. வாங்கியே மூணு வருசத்துக்கு மேலாச்சு" என்றீர்கள். உங்கள் முகத்தில் அம்புட்டு நிம்மதி.

இப்போது எனக்கு அந்த நிம்மதி வேண்டும் சித்தி. தம்பி பால் மறந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. "அதுவா வரும்போது வரும், அதுவரைக்கும் என்ன கவல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்னதை நான் எப்படி அம்மாவிடம் சொல்வேன்? போன வருஷம் தம்பியைத் தூக்கி வைத்திருக்கவே பாதி நாள் லீவு போட்டேன். இப்போது பத்தாம் வகுப்பு. இன்னொரு பிள்ளை என்றால் அம்மா கம்பெனிக்குப் போவாள், நான் வீட்டில் இருப்பேன். புத்தகத்தைத் திறந்தால் இதுதான் ஓடுகிறது.

இன்று அம்மா இடுப்பு கடுக்கிறது என்று என்னைப் பாத்திரம் கழுவச் சொன்னாள். தேதி வருவதற்கும் இடுப்பு வலிக்கும், உண்டானாலும் வலிக்கும். இருந்தாலும் எனக்கு ஏனோ சந்தோஷமாகவே இருந்தது. கைநிறையச் சாம்பலோடு அந்த வேனை நினைத்துச் சிரித்துக்கொண்டே கழுவினேன்.

நீங்கள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் சேலை ஒன்றை அம்மா எடுத்துவைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது அந்தச் சிரிப்புதான். கணக்குப் பரீட்சையில் விடை வராமல் பயந்தால், "தேடித்தான் பாரேன்" என்று உங்கள் குரலில் எனக்கே சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் வந்துவிடும். அந்த மல்லிகைச் சரத்தை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தேதி வந்தால் நானும் சேவு வாங்குவேன். எதற்கென்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். மெதுவாகக் கேட்கிறாள்.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? அந்தப் பள்ளிக்கூட நாப்கின்ல ஒண்ணு இருந்தாக் குடு."

சித்தி, சேவு