இடது பக்கம்

மார்ச் 4

இன்று நூற்று எண்பது காலர் தைத்தேன். நூல் இரண்டு முறை அறுந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி போன் செய்தார். "உங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு" என்றார். ஏழு மணி பஸ் போச்சு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. நானும் "ரெண்டுமா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி.

திரும்ப மெஷினில் உட்கார்ந்த பிறகுதான், கிட்னி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. அடிவயிற்றில் என்று நினைத்திருந்தேன். பக்கத்து மெஷின் அக்கா முதுகைத் தொட்டுக் காட்டினார். விலா எலும்புக்கு அடியில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மாலை வரை எனக்கு அங்கேயே வலிப்பதுபோல இருந்தது.

மார்ச் 6

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். லாரி இன்ஜினைத் தனியாகப் புரட்டிப் போடுகிறவன், கையில் இரண்டு குழாயோடு சாய்ந்து கிடக்கிறான். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது, மற்றொன்றில் திரும்பி வருகிறது. நடுவில் ஒரு மெஷின். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம்.

வருஷக்கணக்கில் பிரஷர் ஏறியிருக்கிறது. தலைவலி என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நல்ல பெண். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஒவ்வொரு கிட்னிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சல்லடை பத்து லட்சம் இருக்கிறதாம். ஒரு நாளைக்கு நூற்று எண்பது லிட்டர் வடிகட்டுமாம்.

"அவ்வளவா? நாம போறது ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்தானே?"

"மிச்சத்தை எல்லாம் உடம்பே திரும்ப எடுத்துக்கும்க்கா. தண்ணி, உப்பு, சர்க்கரை, வேணுங்கறதை எல்லாம். கழிவு மட்டும்தான் மூத்திரப் பைக்குப் போகும்."

அதாவது முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, பிறகு வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது. நான் அலமாரி அடுக்குவதும் இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை. அதற்கே எனக்கு இடுப்பு ஒடிகிறது.

மார்ச் 9

கூடப் பிறந்தவர்கள் கொடுத்தால் நன்றாகப் பொருந்த வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மேஜையில் இருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 11

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

மார்ச் 15

வீட்டுக்காரரிடம் பேசினேன். இவ்வளவு நாள் வாயே திறக்காத மனுஷன் இன்று திறந்தார்.

"ஒண்ணு போதும்னா எதுக்கு ரெண்டு இருக்கு? சும்மாவா?"

"ஒண்ணு இருந்தாலும் நல்லாவே வாழலாம்னு டாக்டர் சொல்றாரு."

"அவரு ஒண்ணோட வாழ்ந்து பாத்திருக்காரா?"

நியாயமான கேள்விதான். அப்புறம் அவரே, "உங்க அண்ணன்... நான் என்ன சொல்ல முடியும்" என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அண்ணி ஏன் கொடுக்கக் கூடாது? ரத்த வகை அவருக்கும் ஒத்துப்போகுமாம், நர்ஸ் சொன்னாள். பயமா? இரண்டு பேரும் படுத்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றா? எனக்கு மட்டும் பிள்ளை இல்லையா? இப்படி நினைப்பது கேவலமா, நினைக்காமல் இருப்பது முட்டாள்தனமா? தெரியலை. சத்தியமா தெரியலை.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் பொய். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, அது கரைந்துவிடக் கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் "நான் தரேண்ணா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னை யாரு கேட்டா? போயி வேலையைப் பாரு." ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்கினான்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 24

கிட்னி கொடுப்பதற்கான டெஸ்டுக்குப் போனேன். வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுக்கும் அம்மா வலது பக்கம் சீக்கிரம் முடித்துவிட்டார். இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். திரும்பப் படுக்கச் சொன்னார், ஒருக்களிக்கச் சொன்னார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் ஜெல், இன்னும் கொஞ்சம் அழுத்தம்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லையே. ரெண்டு பிரசவமும் சுகப்பிரசவம்."

எழுந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்தார். அவரும் வைத்து வைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "உங்களுக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான்மா. இடது பக்கம் இல்லை."

வலது பக்கத்தது பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் ஒன்றே செய்கிறதாம். ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம். நிறையப் பேருக்குச் சாகும்வரை தெரியவே தெரியாதாம். நாற்பத்தொரு வருஷம்.

"அப்ப அண்ணனுக்கு?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாதும்மா."

மார்ச் 25

கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. வந்தது, நிஜம். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? அடுத்த நிமிஷமே அந்த நிம்மதிமேல் அருவருப்பு. அதற்கும் அடுத்து பயம். இருக்கிற ஒன்றும் போனால்? இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது, காலியாகவா? தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் மாதிரியே இருக்கிறது.

வீட்டுக்காரர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் தாங்குதாங்குன்னு தாங்கினேனே, ஒண்ணு குறையுதுன்னு எனக்கே தெரியலையே" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

மார்ச் 28

அண்ணி நம்பவில்லை.

"குடுக்க இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படியா ஒரு கதை கட்டுறது?"

ஸ்கேன் படத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "படத்துல எனக்கு என்ன தெரியும்?" என்று அடுக்களைக்குள் போய்விட்டார். எனக்கும்தான் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் புகை.

அண்ணன் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூன்று வாரமாகச் சிரிக்காதவன் சிரித்தான். "நீ ஒத்தையை வச்சுக்கிட்டு ஓட்டுற. நான் ரெண்டையும் வச்சுக்கிட்டு கெடுத்துட்டேன்." பிறகு என் தலையில் கை வைத்தான். "நல்ல வேளை பாத்தாங்க. வெட்டியிருந்தா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏப்ரல் 19

அண்ணியிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

மே 2

அண்ணன் சொல்லித்தான் தெரியும். அண்ணி யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் டெஸ்ட் எல்லாம் கொடுத்திருக்கிறார். பொருந்துகிறதாம். "நான் வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறா" என்றான். குரலில் கோபமா பெருமையா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எனக்கு சந்தோஷம்தான். பிறகு ஏன் இப்படி இருக்கிறது? நான் கொடுத்திருக்க வேண்டியதை வேறு யாரோ கொடுப்பதுபோல. எனக்கே சிரிப்பாக இருக்கிறது, இல்லாததைக் கொடுக்க முடியாமல் போனதற்கு ஏக்கம்.

ஆகஸ்ட் 12

ஆபரேஷன் முடிந்தது. காலை ஏழரைக்கு உள்ளே போனார்கள். ஒன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை: "யூரின் வந்துடுச்சு." இணைத்த கொஞ்ச நேரத்திலேயே புதுக் கிட்னி வேலையைத் தொடங்கிவிட்டதாம். என் வீட்டுக்காரர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணனுக்காக அவர் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 14

அண்ணியோடு நான்தான் இருக்கிறேன். அவரே நர்ஸிடம் கேட்டாராம், என்னைக் கூப்பிடச் சொல்லி. நான்கு மாதத்துக்குப் பிறகு முகம் பார்க்கிறோம். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தலையணையைச் சரி செய்தேன். தண்ணீர் கொடுத்தேன். தையல் போட்ட பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் படுத்தார். இடது பக்கம்.

"ஏய்."

"என்ன அண்ணி?"

"எப்படி இருக்கும்? ஒண்ணோட?"

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியாது அண்ணி."

"நிஜமா?"

"நிஜமா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். இந்த முறை நம்பினார் என்று நினைக்கிறேன். தூங்கிவிட்டார்.