கோட்டைக்கு வெளியே நின்ற மருமகனுக்கு

நஜ்மா பகுதி, தோஹா
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்புள்ள மருமகன் ஃபாரூக் அவர்களுக்கு, உங்கள் மாமா கௌஸ் முகைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் வீடு வந்து சேர்ந்தேன். முட்டிவலி ஒன்றைத் தவிர உடம்புக்குக் குறையில்லை. அந்த முட்டிவலியும் நீங்கள் காட்டிய கோட்டைப் படிகளில் வாங்கி வந்ததுதான்.

எனக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, நம் டீக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாகிர் எழுதுகிறான். யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். ‘கொஞ்சம் பதமா எழுதட்டுமா சாச்சா’ என்று இரண்டாவது வரியிலேயே கேட்டான். நான் சொன்னதை எழுது, பதம் பார்க்க நீ என்ன பாகா காய்ச்சுகிறாய் என்றேன். அதையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசினால் என்ன என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் டவர் இல்லை மாமா என்பீர்கள். வாய்ஸ் அனுப்பினால் இந்த இரண்டு ரூம் வீட்டில் அது உங்கள் மாமி காதில் முதலில் விழும், அப்புறம்தான் உங்களுக்கு வரும். கடிதம் என்றால் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

மாப்பிள்ளை, நான் இங்கிலாந்து பார்க்க வரவில்லை. இந்த வயதில் எனக்கு எதற்குக் கோட்டையும் கொத்தளமும்? ஒரே ஒரு விஷயம் கேட்க வந்தேன். ஆமிராவை எப்போது அழைத்துக்கொள்வீர்கள்? நிக்காஹ் முடிந்த கையோடு நீங்கள் விமானம் ஏறினீர்கள். அன்றிலிருந்து என் மகள் எங்களோடுதான் இருக்கிறாள். முதல் வருஷம் விசா வருகிறது என்றீர்கள். அடுத்த வருஷம் வீடு பார்க்கிறேன் என்றீர்கள். அதற்கடுத்த வருஷம் போனே குறைந்துவிட்டது. பொறுக்கமாட்டாமல்தான் உங்கள் மாமி மதீனா பீவி என்னைப் பிடித்து அனுப்பினாள்.

வந்து இறங்கிய மறுநாளே காரில் பேச்சை எடுத்தேன். ‘ஆமிரா விஷயமா மாப்பிள்ளை’ என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ‘அங்க பாருங்க மாமா, வெள்ளைப் பாறை’ என்று கடல் பக்கம் கையைக் காட்டினீர்கள். பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மதில் போல் மலையே வெள்ளையாக நின்றது. நல்ல அழகு, இல்லை என்று சொல்லவில்லை. அது முடிவதற்குள் டோவர் கோட்டை வந்துவிட்டது. எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தீர்கள். ‘நீங்க உள்ள போயிட்டு வாங்க மாமா, நான் இதெல்லாம் பலதடவ பாத்தாச்சு’ என்று வாசலிலேயே நின்றுகொண்டீர்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மருமகனோடு பேச வந்தவனைத் தன்னந்தனியாக வெள்ளைக்காரன் கோட்டைக்குள் அனுப்பினால் என்ன செய்வான்? அங்கே எழுதி வைத்திருக்கும் பலகையில் ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பும் பக்கம் நானும் திரும்பினேன், நின்றால் நின்றேன். ஒரு ராஜாவின் கட்டிலைப் பார்த்தேன். சுரங்கத்துக்குள் போய் வழி தெரியாமல் இரண்டு தடவை ஒரே இடத்துக்கு வந்தேன். வெளியே வந்ததும் பேசிவிடலாம் என்று மனதில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். நீங்கள் ‘எப்படி இருந்துச்சு மாமா’ என்று கேட்டுக்கொண்டே கார் கதவைத் திறந்தீர்கள். அதற்குள் போன் வந்துவிட்டது.

அடுத்து போர்ட்ஸ்மத்தில் அந்தப் பழைய போர்க்கப்பல். அதற்கும் நான் மட்டும். உள்ளே கூரை தாழ்வென்று யாரும் சொல்லாததால் உத்தரத்தில் மண்டையை இடித்துக்கொண்டேன். சிப்பாய்கள் படுக்கத் துணித்தொட்டில்களை நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்தார்கள். முன்பு சவூதியில் வேலை பார்த்தபோது யான்பு கேம்ப்பில் கட்டில் மேல் கட்டில் போட்டு நாங்கள் கிடந்தது ஞாபகம் வந்தது. அங்கேயாவது பேசிச் சிரிக்க ஆள் இருந்தது. இங்கே நான் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மனுஷன் எதற்காக என்னிடமிருந்து ஓடுகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரைட்டனில் அந்த அரண்மனை. வெளியே பார்த்தால் பள்ளிவாசல் மாதிரி குவிமாடம், உள்ளே ராஜா குடித்துக் கூத்தடித்த இடமாம். சமையலறைத் தூண்களை இரும்பில் பேரீச்சை மரம் போல் செய்திருக்கிறார்கள். தோஹாவிலிருந்து அவ்வளவு தூரம் போய் பேரீச்சை மரம் பார்த்தேன். அங்கே காவலுக்கு இருந்த பேஷாவர்க்காரர் ஒருவர் உருதுவில் பேசினார். ஒரு பழைய போட்டோ காட்டினார். முதல் உலகப் போரில் அடிபட்ட நம் நாட்டுச் சிப்பாய்களை அந்த அரண்மனையில்தான் படுக்க வைத்திருந்தார்களாம். பெரிய சரவிளக்குக்குக் கீழே வரிசையாகக் கட்டில், தலையில் கட்டு, கையில் கட்டு. பாவம், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார்கள்? ராஜா அரண்மனையில் இருக்கிறேன், சௌக்கியம் என்றுதான் எழுதியிருப்பார்கள். கால் போனதை எழுதியிருக்கமாட்டார்கள். அந்தப் படத்தின் முன்னால்தான் எனக்கு முதல் தடவையாக உங்கள் மேல் சந்தேகம் வந்தது. மாமி சந்தேகப்படுகிற மாதிரி இல்லை. வேறு மாதிரி.

அப்புறம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். எழுத்து தெரியாதவனுக்குப் பார்வைதான் படிப்பு. ஒரு தடவை பார்த்தது எனக்கு மறக்காது. தன் காரில் ஏறுகிறவன் தினமும் காலையில் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டா இருப்பான்? தன் வீட்டில் ஒரு கரண்டிக்காக எல்லா இழுப்பறையையும் திறந்தா தேடுவான்? சமையலறை விளக்குக்கு நீங்கள் சுவரைத் தடவினீர்கள். சும்மா பார்க்க வந்த சிநேகிதர் என்று நீங்கள் சொன்ன முகம்மது ஆசிக், பேசிக்கொண்டே பின்பக்கமாகக் கை நீட்டி விளக்கைப் போட்டார். நல்ல பிள்ளை. எனக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். அது அவர் வீடு, அவர் கார். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவர் பெயர் போட்டு அதே முகவரிக்கு அனுப்புகிறேன். நீங்கள் இருக்கும் இடம் எது என்று எனக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தைக் காட்டுங்கள், நானும் முதியவன்தானே என்று கேட்டேன். பெயின்ட் அடிக்கிறார்கள் மாமா என்றீர்கள். ஏர்போர்ட்டில் ஸலாம் கொடுத்தபோது உங்கள் கையைப் பிடித்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் வெளுத்துக் கிடந்தது. என் கடையில் பாத்திரம் கழுவுகிறவர்களின் கையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்? சோப்புத் தண்ணீர் தின்ற கை எனக்குத் தெரியாதா? முதியோர் இல்ல வேலை போய், எங்கோ பாத்திரம் கழுவுகிறீர்கள் என்று அந்தக் கையே சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஹேஸ்டிங்ஸ் போனோமே, மலைமேல் இடிந்த கோட்டை. அங்கேயும் நான் மட்டும் உள்ளே போனேன். சுவர் ஓரமாய் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். கீழே யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தானே கோட்டை கட்டுகிறான். அங்கிருந்து நீங்கள் தெரிந்தீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து காய்ந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்றீர்கள். அரை மணிக்கு முன்னால்தான் எனக்கு மீன் வாங்கிக் கொடுத்து, வயிறு சரியில்லை மாமா, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லியிருந்தீர்கள். ரொட்டியைத் தின்று முடித்துச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தீர்கள். வாயைத் துடைத்தீர்களா, கண்ணைத் துடைத்தீர்களா என்று அவ்வளவு உயரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. நான் இறங்கி வந்தபோது சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

எனக்கு எரிச்சல் அதில்தான் மாப்பிள்ளை. வேலை போனதற்கு இல்லை. கம்பெனி மூடினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்த வளைகுடாவில் மூடின கம்பெனியை நான் பார்க்காததா? வயிற்றைக் கட்டி எனக்கு டிக்கெட் எடுத்தீர்களே, அந்த டிக்கெட் யாருக்கு வேண்டும்? அந்தப் பெஞ்சில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, பாதி ரொட்டியைக் கொடுத்து, மாமா நிலைமை இப்படி என்று சொல்லியிருந்தால் என் தலையா போயிருக்கும்? அங்கேயே நான் கேட்டிருக்கலாம். மருமகன் முகம் சுருங்கும்படி மாமனார் கேட்கக்கூடாது என்று எனக்கும் ஒரு முறை இருக்கிறது, பாழாய்ப்போன முறை.

யான்புவில் என் ரூமில் பாண்டித்துரை என்று ஒருவன் இருந்தான், பரமக்குடிப் பக்கம். எஞ்சினியரின் வெள்ளைக் காரில் சாய்ந்து, எவனுடைய கூலிங் கிளாஸையோ மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எடுத்தோம். அவன் பெண்டாட்டி ராக்கம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். ஊர் முழுக்கக் கார்க்காரன் என்று பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவன் லீவில் போகவில்லை. தாய் செத்ததற்கும் போகவில்லை. ‘கார் எங்கடான்னு கேப்பாங்கண்ணே’ என்று என்னிடம் சொல்லி அழுதான். நீங்கள் அனுப்பும் கோட்டைப் படங்களைப் பார்த்தால் எனக்கு அவன் முகம்தான் தெரிகிறது.

இங்கே நிலவரம் சொல்கிறேன். மாமிக்கு நீங்கள் அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறீர்கள் என்று முடிவே ஆகிவிட்டது. ‘ஹஜ் பெருநாள் கழியட்டும், ஊர்ல ஜமாஅத்துல சொல்லி அத்துவிட்டுரலாம்’ என்கிறாள். ஊரில், தொண்டியில் இருக்கும் அவள் தம்பியிடம் போனிலும் சொல்லிவிட்டாள். போன காரியம் என்ன ஆச்சு என்று என்னைக் குடைகிறாள். கோட்டை நல்லா இருந்துச்சு என்றேன். அன்று எனக்குக் கடைச்சோறுதான்.

உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் உங்கள் நிலைமையை உங்கள் மனைவிக்கு நான் சொல்வது முறையில்லை. மூன்றாம் ஆள் வாயால் கேட்டால் அது உங்களுக்கு அவமானமாகிவிடும், அவளுக்கு ஆறாத ரணமாகிவிடும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு மாமிக்கும் உங்களுக்கும் நடுவில் கிடந்து இடிபடுகிறேன்.

ஆமிராவை நீங்கள் இன்னும் அறியவில்லை. என் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோட்டையைப் பார்க்கவில்லை. கார் கண்ணாடியில் உங்கள் நிழல் விழுந்திருந்த ஒரு படத்தில் நிறுத்தி, ‘மெலிஞ்சிட்டாகளா அத்தா’ என்று கேட்டாள். அப்புறம் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: ‘ஒரு ரூம்ல பத்துப் பேரோட இருந்தாலும் சரி அத்தா, அத அவுக வாயால சொல்லட்டும். நான் அம்மாகிட்ட சண்டை போட எனக்கு ஒரு வார்த்தை வேணும்ல.’

அவள் கேட்பது அவ்வளவுதான். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்றோ, அங்கேயே இருந்து கரையேற வேண்டும் என்றோ நான் சொல்லமாட்டேன். அதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். என் டீக்கடையில் இடமிருக்கிறது என்றும் நானாகச் சொல்லமாட்டேன். கேட்டால் சொல்வேன்.

பெருநாளுக்கு முன்னால் அவளுக்குப் போன் செய்யுங்கள். பின்னால் கடலும் கோபுரமும் தெரிகிற இடத்தில் நின்று பேசாதீர்கள். நீங்கள் படுக்கிற இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மாமி எடுத்துப் பேசிவிடுவாளோ என்ற பயம் வேண்டாம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்துக்கொள்கிறேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை விடமாட்டேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும்.

தினமும் உங்களுக்காக அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். வேலையும் வீடும் அவன் தரும்போது தரட்டும். அதற்கு முன்னால் உங்கள் நாவில் விழுந்திருக்கும் முடிச்சை அவிழ்த்துவிடட்டும் என்றுதான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

உங்களைக் குறைத்து நினைக்காத மாமா
கௌஸ் முகைதீன்