ஜப்பான் காலும் லயத்துச் சுவரும்

மே 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. றக்வான மலை முழுக்கக் கரைந்து கடலுக்கு இறங்கிவிடும் போல.

ஜப்பானில் வேலை பார்க்கும் அக்கா மகள் வாசுகியின் பார்சல் வந்தது. அக்காவின் மூச்சிழுப்புக்கு, மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின். இந்தக் குளிரில் அவளுக்கு மூன்று சொல் சேர்ந்தாற்போல் வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வளைவு வளைவாக பஸ். முக்கால் உயிர் அதிலேயே போகும்.

மெஷின் பிளக்குக்கு இரண்டு தட்டைக் கால். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் மூன்று உருண்டை ஓட்டை.

“தம்பி... இது... நுழையாது.”

உலகத்துப் பெரிய மனுஷர்கள் ஒரே ஓட்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். கூடினார்கள், டீ குடித்தார்கள், அவரவர் ஓட்டையோடு வீடு திரும்பினார்கள். என்னைத் தலைவராகப் போட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

மே 13, புதன்

டவுனில் செல்வம் முதலாளியின் கரண்ட் சாமான் கடை.

“மாமா, ஜப்பான் கால சதுரத்துக்கு மாத்தலாம். இப்ப சட்டப்படி சதுரந்தான். ஒங்க லயத்துல பழைய உருண்டை. அதுக்கு இன்னொன்னு.”

அடாப்டர் மேல் அடாப்டர். வீட்டுக்கு வந்து சுவரில் மாடி வீடு கட்டிவிட்டேன். சுவிட்சில் விரல். போனில் பார்த்துக்கொண்டிருந்த வாசுகி:

“மாமா, கைய எடுங்க. அது நூறு வோல்ட் மெஷின். அங்க இருநூத்தி முப்பது.”

“அடாப்டர் ரெண்டு போட்டிருக்கேன்மா. கூட ஒன்னு போடவா?”

“எத்தன போட்டாலும் காலத்தான் மாத்தும். கரண்ட மாத்தாது மாமா. எரிஞ்சிரும்.”

ஆக, கால் வேறு, ஓட்டை வேறு, கரண்டும் வேறு. விளங்கும் உலகம்.

மே 14, வியாழன்

மழை. அக்கா நெஞ்சுக்குள் பூனைக் கச்சேரி. சோறு வேண்டாமாம்.

கரண்ட் குறைக்கும் டிரான்ஸ்போமர் செல்வத்திடம் ஒன்றே ஒன்று. கனம், யானை முழுகாமல் இருப்பது போல. பஸ்ஸில் மடியில் வைத்தேன், தொடை இன்னும் திரும்பி வரவில்லை. அது என்னவென்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான், “மாமே, ஓக மொகத்த?” “ஜப்பான் மாப்பிள்ளை” என்றேன். மாப்பிள்ளைக்கும் டிக்கட் கிழித்தான்.

வீட்டில் இருப்பதோ ஒரே பிளக் பேஸ். டிவியைப் பிடுங்கிவிட்டு மாட்டினேன். மெஷின் உறுமியது. புகை, நல்ல வேளை, வர வேண்டிய இடத்திலிருந்தே வந்தது. அக்கா முகமூடியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் சுவிட்சை விட்டு நகரவில்லை.

மருந்து தீர்ந்தது. முகமூடியைக் கழற்றினாள். “நாடகம் போற நேரம் பாத்து டிவிய புடுங்கி வச்சிருக்கியே, இன்னிக்குத்தான் அந்த மருமக மாமியாள நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கப் போறா, நேத்துலருந்து காத்துக்கிட்டு கெடக்கேன், ஒனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுத்தான்” என்று மூச்சுவிடாமல் ஏசினாள்.