பாடமாக்கிய விபரங்கள்

பலெர்மோ
20.03.2009

அன்பின் அத்தான்,

நான் இறந்துவிட்டதாக உங்களுக்குத் தகவல் வரலாம். நம்பாதீர்கள்.

இங்கே கால்சாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மெற்றில்டாவுக்குச் சளிக்காய்ச்சல் முற்றிவிட்டது. அவளிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. வதிவிட அனுமதி இல்லாதவர்களை டாக்டர்மாரே பொலிசுக்குச் சொல்லலாம் என்று சட்டம் வந்துவிட்டதாக எல்லோரும் கதைத்தார்கள். அந்தப் பயத்தில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நான்தான் என் மருத்துவ அட்டையைக் கொடுத்தேன். என் பிறந்த திகதி, இரண்டு பிள்ளைப்பேறு, ஒத்துவராத மருந்து ஒன்றுமில்லை என்று என் விபரங்களை அவளைப் பாடமாக்க வைத்தேன்.

"ஒரு சொல்லும் மாத்தாதை" என்றேன்.

அவள் மாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் என் பெயரிலேயே இறந்துபோனாள். அந்தச் சட்டம் இன்னும் வரவே இல்லையாம். பங்குச் சுவாமி இன்றுதான் சொன்னார்.

நாளை அடக்கம். சிலுவையில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

சற்றுமுன் மன்னாரிலிருந்து மெற்றில்டாவின் அம்மா போன் எடுத்தார்.

"பென்சிலின் தனக்குக் கூடாதெண்டு டாக்குத்தரிட்டைச் சொன்னவளோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, சொன்னவள். இப்ப நித்திரை."

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் மனைவி