நவம்பர் முதல் தேதி தள்ளிவந்த வண்டி

ஹோன்ஷைட்,
நவம்பர் 12

அன்பு மகள் வெரேனாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் ஏதோ நலம், உன் மோட்டார் சைக்கிள் எங்கள் இருவரையும் விட நலம். அதற்கு எண்ணெய் மாற்றியாயிற்று, செயினுக்குக் கிரீஸ் தடவியாயிற்று, சக்கரம் இரண்டும் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி வைத்தாயிற்று, மேலே என் கல்யாணச் சீராக வந்த லினன் விரிப்பைப் போர்த்தியாயிற்று. பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்த்து இரும்பு துருப்பிடிக்குமாம். நீ அங்கே ஹோபார்ட்டில் கோடையின் தொடக்கத்தில் அதிகம் வியர்க்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் நீ அனுப்பிய செய்தியில் பேட்டரியைப் பற்றி இரண்டு கேள்வி, பெட்ரோல் டாங்கைப் பற்றி ஒன்று, எலியைப் பற்றி ஒன்று கேட்டிருந்தாய். கடைசியில் அப்பா நல்லாத்தானே இருக்காரு என்று ஒரு வரி, அதன் முடிவில் கேள்விக்குறி இல்லை. ஆகவே நீ எங்களுக்கு அதைத் தெரிவிக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு நாங்கள் பதில் எழுதவில்லை. எலியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலம் சீட்டுக்கு அடியில் உன் இடது கை உறையைக் கடித்துக் கூடு கட்டியது அல்லவா, அதற்காக இந்த வருடம் புகைக்குழாயின் வாயில் அப்பாவின் பழைய காலுறையை அடைத்திருக்கிறோம். வலது கை உறை பத்திரமாக இருக்கிறது, ஒற்றைக் கைக்காரி யாராவது வந்தால் கொடுக்கலாம்.

அப்பாவின் பட்டியல் உனக்கு நினைவிருக்கும், கராஜ் சுவரில் பிளாஸ்டிக் தாளுக்குள் தொங்குவது. குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை என்று பத்தொன்பது வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தவர் என்று ஒரு கட்டம், சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம். முப்பத்தோரு வருடம் ஊரார் வண்டிகளைச் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகும் செய்தவரே சரிபார்ப்பது முறையல்ல என்று சொல்லி என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார். டயரில் கூடுதல் காற்று அடைத்ததையும் டாங்க் தளும்ப நிரம்பியதையும் நான் சரிபார்த்ததாக அரசாங்கத் தரத்தில் ஆவணம் இருக்கிறது. பட்டியலின் முதல் வரிசை மட்டும் ஐந்து வருடமாகக் காலியாகவே இருக்கிறது. பருவத்தின் கடைசி ஓட்டம், அதைச் செய்ய வேண்டியவர் வெரேனா.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஊரிலிருந்து யாராவது உனக்குப் படம் அனுப்பியிருந்தால் அது பாதிக் கதைதான். அக்டோபர் கடைசி வாரம் வருகிறேன் என்று நீ சொன்னாய். அதனால் உன் அப்பா வழக்கம்போல் இருபதாம் தேதி வேலையைத் தொடங்காமல் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். முப்பதாம் தேதி உன் செய்தி எனக்கு வந்தது. வேலை முடியவில்லை, வசந்தத்தில் பார்க்கலாம், நீயே அப்பாகிட்ட சொல்லிடு என்று எழுதியிருந்தாய். பத்தாயிரம் மைல் தாண்டிப் போன தைரியசாலி மகள் அப்பாவிடம் ஒரு வரி சொல்ல அம்மாவை அனுப்புகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நானும் சொல்லவில்லை. அதாவது எனக்கும் தைரியம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன், இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டுமே. மறுநாள் முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃப்ராங்க்ஃபர்ட்ல விமானம் எல்லாம் லேட்டாத்தான் இறங்குதாம், ரேடியோல சொன்னான் என்றார். அப்படி எந்த ரேடியோவும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். சரி என்றார், உருளைக்கிழங்குத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார், அது என் வேலை.

மறுநாள் சகல புனிதர் திருநாள். மதியம் பாதிரியார் கல்லறைகளை மந்திரிக்கும் சடங்கு, நான் உன் தாத்தா கல்லறைக்கு எரிகாப் பூச்செடியும் விளக்கும் எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டேன். இவர் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வண்டியை எடுத்து பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப்போயிருக்கிறார். டாங்க் தளும்ப நிரப்ப வேண்டும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே எண்ணெயை இறக்க வேண்டும், இரண்டும் பட்டியலில் இருக்கிறது. நிரப்பினார், டயருக்குக் காற்றடிக்கக் குனிந்தார், அப்போதுதான் எண் பலகையைப் பார்த்தார். ஓரத்தில் மேலே 04, கீழே 10. ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அந்த வண்டிக்குச் சாலையில் உயிர், நவம்பர் முதல் தேதி அது ரோட்டோரம் நின்றால்கூடக் குற்றம். முப்பத்தோரு வருடம் எந்த வண்டி முன்னால் நின்றாலும் முதலில் எண் பலகையைப் பார்த்த மனிதர் அன்று காலை பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நான் எழுதப்போவதில்லை, நீ படித்தவள்.

வேறு யாராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருப்பார்கள். உன் அப்பா தள்ளினார். இருநூற்று நாற்பது கிலோ வண்டி, தளும்பத் தளும்ப டாங்க், இரண்டரைக் கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம், இதயக் குழாயில் இரண்டு வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட். தலைக்கவசத்தைக் கழற்றாமல் தள்ளினார், பாதுகாப்பு முக்கியம். கல்லறைத் தோட்டச் சுவரருகே வரும்போது ஊரே உள்ளே நிற்கிறது, பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கிறார், இறந்தவர்களைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பால்பண்ணை ஹூபர்ட் சுவருக்கு மேலிருந்து எட்டி, என்ன வெண்டலின் அண்ணே, பெட்ரோல் தீந்துபோச்சா என்றான். இல்ல, ஃபுல்லா இருக்கு என்றார் இவர். அப்புறம் ஏன் தள்ளுறீங்க என்றான். பத்தாம் மாசம் முடிஞ்சுபோச்சு என்றார். ஹூபர்ட் சிரித்து, அட ஏறி ஓட்டுங்கண்ணே, இங்க நிக்கிறவன் எல்லாம் செத்தவங்களத்தான் பாத்துட்டு இருக்கோம், உங்க நம்பர யாரு பாக்கப் போறா என்றான். நான் பாத்துட்டேனே என்றார் உன் அப்பா. அதற்குப் பிறகு இன்னும் நாலடி தள்ளினார். அப்புறம் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினார், முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, அப்படியே சுவரடியில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நான் கேலி செய்யப்போவதில்லை, வெளியே ஓடிவந்து இரண்டு நிமிடம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன், கல்லறை விளக்கு என் மடியில் கவிழ்ந்து மெழுகு பாவாடையெல்லாம் ஒட்டிவிட்டது. நாக்கின் அடியில் அவருடைய இதய மருந்து ஸ்ப்ரேயை அடித்த பிறகு நிறம் திரும்பியது. நிறம் திரும்பியதும் முதல் வேலையாக வாயைத் திறந்தார். ஹூபர்ட் இதற்குள் டிராக்டரையும் டிரெய்லரையும் கொண்டுவந்திருந்தான். டிரெய்லர்ல ஏத்திட்டா அது வண்டி இல்ல அண்ணே, சரக்கு, மாட்டுத்தீவனம் மாதிரி, எந்தச் சட்டமும் ஒண்ணும் சொல்லாது என்றான். உன் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே டிரெய்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது பின்விளக்கு எரியல என்றார். ஹூபர்ட், இன்னிக்கு லீவு நாள், வெளிச்சமாத்தானே இருக்கு என்றான். லீவு நாள்ல பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு எங்க எழுதியிருக்கு என்று கேட்டார். ஹூபர்ட் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் பல்பு எடுத்துவந்து மாட்டினான். அதுவரை நாங்கள் சுவரருகே நின்றோம். பாதிரியார் வெளியே போகிற வழியில், மிச்சமிருந்த தீர்த்தம் வீணாக வேண்டாம் என்று உன் வண்டிமேலும் இரண்டு துளி தெளித்தார். துரு பிடிக்கும் சாமி என்று சொல்லி இவர் உடனே கைக்குட்டையால் துடைத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. பெட்ரோல் பங்குவரை ஓட்டிப்போனது ஓட்டிப்போனதுதானே. மறுநாள் காலை டை கட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார், தனியாக விடக்கூடாது என்று நானும் போனேன். மேசைக்குப் பின்னால் உன் வயதில் ஒரு பெண். இவர் குற்றத்தை நேரம், தூரம், சாலையின் ஈரம் உட்பட விவரித்தார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஐயா, நீங்க ஓட்டினத யாராவது பாத்தாங்களா என்றாள். இல்ல, அதனாலதான் நானே வந்தேன் என்றார். வண்டி யாரு பேர்ல இருக்கு என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீ புறப்படும்போது வண்டியை அவர் பேருக்கு மாற்ற முடியவில்லை, இவ்வளவு சத்தம் போடும் புகைக்குழாய்க்குத் தன் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார், ஆகவே அது என் பேரில் இருக்கிறது. என் மனைவி பேர்ல என்று உன் அப்பா நேர்மையோடு என்னைக் கைகாட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நீங்க என்னம்மா சொல்றீங்க என்றாள். இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றேன். சரி, வாய்மொழி எச்சரிக்கை, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க என்றாள். எழுத்துல தருவீங்களா என்று கேட்டார். வாய்மொழின்னா வாயாலதான் ஐயா என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் இந்தக் காலத்துக் காவல்துறையைப் பற்றி எனக்கு வாய்மொழியாகப் பாடம் நடந்தது.

இதய மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இருபத்து நாலாம் தேதி நகராத சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிச் சோதிப்பாராம், அதற்கு எண் பலகை தேவையில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். முடிவைப் பொறுத்து இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கலாம். இவர் எதையும் உனக்கு எழுத வேண்டாம் என்றார், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வண்டியின் பேட்டரியைக் கழற்றி நிலவறையில் ஆப்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சார்ஜரில் மாட்டியிருக்கிறார். காலையும் மாலையும் படியிறங்கிப் போய்ப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரியுது என்று மேலே வந்து என்னிடம் சொல்கிறார், நான் கையெழுத்துப் போடுகிறேன். தினம் இருமுறை நலம் விசாரிக்கப்படும் ஒரே உயிர் இந்த வீட்டில் அதுதான்.

இப்போது நான் செய்ததைக் கேள். நேற்று அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரம் அவருடைய ஸ்பேனரை எடுத்து எண் பலகையைக் கழற்றி, காப்பீட்டுக்காரரிடம் புதிய பதிவுக்கு வேண்டிய எண்ணை வாங்கிக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்குப் பேருந்தில் போனேன். எந்த மாசத்துலேருந்து எந்த மாசம் வரைக்கும் வேணும் என்று கவுண்டரில் கேட்டாள். எல்லா மாசமும் என்றேன். குளிர்காலத்துல ஓட்டுவீங்களாம்மா என்று என் முழங்காலைப் பார்த்துக் கேட்டாள். ஓட்ட வேண்டியவ எந்த மாசம் வருவான்னு தெரியல என்றேன். அவளுக்கும் அம்மா இருக்கிறாள் போலிருக்கிறது, உடனே முத்திரை குத்தினாள். புதிய பலகையில் ஓரத்தில் எந்த எண்ணும் இல்லை. அப்பா வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், ஆண்டு முழுவதும் ஓடும் வண்டியைக் குளிருக்குப் போர்த்தி வைப்பது முரண்பாடு என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒட்டிலி, ஒரு திருகு சரியா முடுக்கல என்று அதை முடுக்கினார். இரவு உணவுக்கு முன் பட்டியலில் முதல் வரிசைக்கு எதிரே பென்சிலால் ஏதோ எழுதுவதைப் பார்த்தேன். பழைய அலுவலகப் பழக்கம், சோதனைக்கு வராத வண்டிக்கு எழுதும் சொல். ஆஜராகவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேனாவால் எழுதுபவர் அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார்.

ஆகவே மகளே, டிசம்பரில் வந்தாலும் வா, பிப்ரவரியில் வந்தாலும் வா, பேட்டரியை மாட்ட அரை மணி நேரம், புகைக்குழாயிலிருந்து காலுறையை எடுக்க அரை நிமிடம். பனி பெய்தால் கராஜ் வாசலில் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அவரைப் பக்கத்தில் நிற்கவை, அந்தச் சத்தத்தைத் திட்டுவதற்கு அவருக்கு ஆள் வேண்டும். இனி நீ வராமல் இருப்பதற்குச் சட்டம் காரணமில்லை, அதை நானே நேரில் போய் நீக்கிவிட்டு வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பி போடு, நல்ல பசியும் நல்ல தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும், தெய்வம் உன் பக்கம் இருக்கட்டும். இருபத்து நாலாம் தேதி அப்பாவைக் கூப்பிடு, என்னை அல்ல. பட்டியலின் நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், பதினெட்டு வரிசைக்கு என் கையெழுத்து இருக்கிறது.

இப்படிக்கு,
சரிபார்த்தவர்,
உன் அம்மா ஒட்டிலி