கீழே இறங்கிய மைக்

கராஜை ஒதுக்கும்போது உமது சிவப்புக் கம்பளத் துண்டு கிடைத்தது. உதறிப் பார்த்தேன். வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினின் வாசம் இன்னும் போகவில்லை. அப்படியே அதன்மேல் குந்திவிட்டேன். இந்த முழங்காலோடு இனி எழும்புவதுதான் பெரும்பாடு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பக்குரங்கா வீட்டில் நீர் வயலின் வாசிக்க, வேலிக்கு அப்பாலிருந்து பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் பதில் கொடுத்தார் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வாசிக்கும் நாலு பேர் கொண்ட புளூகிராஸ் குழு அவருடையது. ஒரு மாதத்துக்குள் நீர் ஐந்தாவது ஆளானீர். தலைதெறிக்கிற வேகத்தில் அவர்கள் வாசிக்க, நீர் சளைக்காமல் துரத்துவீர். ஊரைவிட்டு வந்தபின் உம்மை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை.

ஒனிஹங்கா மண்டபத்தில் முதல் கச்சேரி என்றதும்தான் சிக்கல். அவர்களுக்கு ஒரே ஒரு மைக். முறை வருகிறவர் முன்னே வந்து நின்று வாசித்துவிட்டு விலக வேண்டும். நீரோ நிலத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறவர்.

"எல்லாரும் நிக்கேக்கை நீர் மட்டும் நிலத்தில இருந்தால் சனம் சிரிக்குமப்பா. நிண்டு வாசியுமன்," என்றேன்.

"ஒரு கிழமையா நிண்டு பாத்திட்டன், கை ஓடேல்லை. சிரிக்கிறவை சிரிக்கட்டும். நான் இருந்துதான் வாசிப்பன்."

சேலையோடு நீர் மேடையில் கம்பளத்தை விரித்து அமர்ந்தபோது, நினைத்தது போலவே யாரோ சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். உமது முறை வந்தது. பாஞ்சோக்காரர் தன் வாசிப்பை முடித்த கையோடு மைக்கை உம் முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். பிறகு நீர் இழுத்த இழுப்பில் சனம் காலால் தாளம் போட்டுப் பலகைத் தரையே அதிர்ந்தது. கடைசிப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். மைக்கை உயர்த்த மறந்தார்களோ, மனம் வரவில்லையோ, நின்றே வாசிக்க வேண்டிய ஆளுயர பேஸ் வாத்தியத்தைப் பிடித்திருந்தவரைத் தவிர மற்ற மூவரும் உம்மைச் சுற்றி முழங்காலிட்டுப் பாடினார்கள்.

பக்கத்திலிருந்தவர் என்னிடம், "யார் அந்தப் பெண்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் எழும்பி நின்று, மண்டபத்துக்கே கேட்கும்படி, "என் மனைவி!" என்றேன்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டீர்: "ஏனப்பா கடைசி வரிசையில போய் இருந்தனீங்கள்?"

"அங்கதான் சத்தம் நல்லாக் கேட்டது."

பொய். வெட்கப்பட்டுத்தான் அங்கே போய் இருந்தேன். நீர் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தால் உமக்கு அது அப்போதே தெரிந்திருக்கும்.

நீர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லாதது என் பிழை. ஆனால் ஒன்றை மட்டும் நான் விடவில்லை. சுவரிலுள்ள உமது படத்தைப் பார்த்து யாராவது "இது யார்?" என்று கேட்டால், முழங்கால் எவ்வளவு நொந்தாலும் எழும்பி நின்றுதான் சொல்கிறேன்.